21 பிள்ளைகள், 63 தீப்பெட்டிகள்

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்புக்குள் நுழையும்போது 4ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலிலேயே என்னை நிறுத்தினாள். "டீச்சர், தெற்குத் தெருவுல 11தான் இருக்கு. மேலத் தெருவுல 6. கீழத் தெருவுலதான் 14 வருது. அப்ப அது அவன்தான்" என்று 5ஆம் வகுப்புப் பையன் ஒருவனைக் கைகாட்டினாள். அவள் எண்ணியது வேப்பமரங்களை. வெள்ளிக்கிழமை அவள் எடுத்த தீப்பெட்டிக்குள் இருந்த சீட்டில் "என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை வழியில் இருக்கும் வேப்பமரம்: 84 ÷ 6" என்று எழுதியிருந்தது. வகுத்து 14 என்று கண்டுபிடித்துவிட்டாள். யாருடைய வழி என்று தெரியவில்லை. அதற்காகச் சனியும் ஞாயிறும் மூன்று தெருவிலும் நடந்து மரம் எண்ணியிருக்கிறாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து நான் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த ஒரு வேலை நடக்கத் தொடங்கிவிட்டது என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது. மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன். பிள்ளைகளின் பெயரை எழுதப் போவதில்லை.

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் இருக்கும் கரிசல் காட்டு ஊர் இது. ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் 1 முதல் 3 வரை உள்ள வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். 4ஆம் வகுப்பு 9 பேர், 5ஆம் வகுப்பு 12 பேர், மொத்தம் 21 பேரும் ஒரே அறையில் என்னிடம். நான் மாறுதல் கலந்தாய்வில் இந்த ஆண்டுதான் இங்கே வந்தேன். பிள்ளைகள் எல்லாரும் பிறந்ததிலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த அறையில் புது ஆள் நான் ஒருத்திதான். என் முதல் தேவை அவர்களை நான் தெரிந்துகொள்வது. கூடவே, கணக்கில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே வேலையில் முடிக்கலாம் என்று, தன்னைப் பற்றிய எண்களைக் கணக்காக எழுதும் செயல்பாட்டை எடுத்தேன். "என் வயது 9" என்று நேராக எழுதாமல் "என் வயது 3 × 3" என்று எழுத வேண்டும். படிப்பவர் கணக்கைப் போட்டால்தான் செய்தி கிடைக்கும். இவ்வளவுதான் அடிப்படை.

முதல் முயற்சியை ஜூன் முதல் வாரமே செய்தேன், தப்பாகச் செய்தேன். ஒரு தாளில் ஆறு வரி கோடு போட்டு, வயது, பிறந்த தேதி, வீட்டில் எத்தனை பேர், உடன்பிறந்தவர்கள், வீட்டில் எத்தனை அறை, செருப்பு அளவு என்று தலைப்பு எழுதி 21 நகல் எடுத்தேன். நகல் ஒன்று 2 ரூபாய், 42 ரூபாய். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பதிலைக் கணக்காக எழுதச் சொன்னேன்.

வயது என்று கேட்டால் அந்த அறையில் 9 அல்லது 10தான் வரும் என்பது எழுதச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. 5 + 4, 5 + 5 என்று வரிசையாக எல்லாரும் எழுதினார்கள். பிறந்த தேதி சிலருக்குத் தெரியவில்லை. செருப்பு அளவு யாருக்கும் தெரியவில்லை, இரண்டு பேர் அன்று செருப்பே போட்டு வரவில்லை. அறை எத்தனை என்ற வரிக்கு வந்ததும் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் தாளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். இவை கூடப் பரவாயில்லை. "வீட்டில் எத்தனை பேர்" என்ற இடத்தில் ஒரு பையன் முதலில் 2 + 2 என்று எழுதினான், அழித்தான், 2 + 1 என்று எழுதினான், மறுபடி அழித்தான். அந்த இடத்தில் தாள் கிழிந்தே போனது. கிழிந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு விசாரித்தேன். வேலைக்கு என்று வெளியூர் போன அப்பா ஒரு வருடமாகத் திரும்பவில்லை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பையன் பாட்டியோடு இருக்கிறான். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை அப்படி ஒரு கணக்கைப் போட வைத்தது என் கேள்வி. அந்த 21 தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டேன், யாருக்கும் காட்டவில்லை.

அடுத்த வாரம் தலைப்பு எதுவும் கொடுக்காமல் தொடங்கினேன். முதலில் என்னைப் பற்றிக் கரும்பலகையில் எழுதினேன்.

நான் ஆசிரியர் ஆகி: 7 × 2 ஆண்டு.
தினமும் பேருந்தில் வரும் நேரம்: 100 − 55 நிமிடம்.
6ஆம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் நான் கணக்கில் எடுத்த மதிப்பெண்: 46 − 29.

மூன்றாவதைப் போட்டு முடித்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. அப்புறம் பின்னால் இருந்து ஒரு குரல், "17ஆ டீச்சர்? நூத்துக்கா?" ஆமாம் என்றேன். வீட்டில் அடி விழுந்ததா, அம்மா என்ன சொன்னார், அதற்கடுத்த பரீட்சையில் எவ்வளவு என்று பத்து நிமிடம் கேள்வி ஓடியது. எல்லாவற்றுக்கும் உண்மையான பதிலைச் சொன்னேன். "உங்களைப் பத்தி மத்தவங்களுக்குச் சொல்லணும்னு தோணுற 5 எண்ணை நாளைக்கு எடுத்துட்டு வாங்க. எது வேணும்னாலும் சரி" என்று சொல்லி அனுப்பினேன். கொடுத்த வீட்டுப்பாடம் அவ்வளவுதான்.

மறுநாள் வந்த எண்களை நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால் ஒன்றைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன். வீட்டில் 23 வெள்ளாடு. முழங்காலில் போட்ட தையல் 5. இதுவரை ரயிலில் போனது 3 தடவை. கண்மாய்க்கரைப் பனைமரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு 9. அம்மாவைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு ஏற்றிப்போகும் வேனில் உட்காரும் ஆட்கள் 18. (இந்தப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான்.) ஒரு பெண் "கோவில்பட்டிக்குப் போக எங்க அம்மாவுக்கு டவுன் பஸ் டிக்கெட் 0" என்று எழுதி வந்து, 0-வை எப்படிக் கணக்காக்குவது என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே 8 − 8 என்று எழுதிவிட்டாள். பிறகு 15 × 0 என்றும் எழுதலாம் என்று கண்டுபிடித்து, எது நன்றாக இருக்கிறது என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

தாளைக் கிழித்த பையன் என்ன கொண்டுவந்தான் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்கள் கிடைத்துவிட்டன. கணக்காக மாற்றும் இடத்தில்தான் வேலை கடினமாக இருந்தது. ஆட்டுக்காரப் பையன் 4827 + 3916 − 8720 என்று எழுதினான். அப்பாவின் போன் கால்குலேட்டரில் தட்டிக் கொண்டுவந்தது. விடை 23 சரிதான். ஆனால் வகுப்பில் யாராலும் போட முடியவில்லை, அவனாலும் முடியவில்லை. அதனால் ஒரு வரம்பு வைத்தேன். 4ஆம் வகுப்புக்கு 100-க்குள் எண்கள், ஒரே ஒரு செயல். 5ஆம் வகுப்பு இரண்டு செயல் வரை போகலாம். எழுதியவர் காகிதத்தில் போட்டுக் காட்டினால்தான் அந்தக் கணக்குச் செல்லும்.

இரண்டு செயல் என்றதும் அடுத்த சிக்கல். ஒரு பெண் 3 + 4 × 2 என்று எழுதி விடை 14 என்றாள். இன்னொருத்தி 11 என்றாள். எழுதியவள் முதலில் கூட்டினாள், படித்தவள் முதலில் பெருக்கினாள். அடைப்புக்குறியை அந்த வாரம் எடுக்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு செயலையும் ஒரே வரியில் எழுதக் கூடாது, படிக்கட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள் என்று சொன்னேன். முதல் படி 3 + 4, அதற்குக் கீழே "வந்ததை 2ஆல் பெருக்கு". இது நன்றாக வேலை செய்தது.

சமக்குறிதான் மூன்று நாள் எடுத்துக்கொண்டது. வேன் கணக்கை ஒரு பையன் 5 + 4 = 9 × 2 = 18 என்று எழுதியிருந்தான். அவன் மனதில் ஓடிய வரிசை அதுதான், விடையும் சரி. ஆனால் 5 + 4-ம் 9 × 2-ம் சமம் என்று எழுதிவிட்டான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. நான் கரும்பலகையில் 14 = 84 ÷ 6 என்று எழுதினால், "தப்பு டீச்சர், விடை இந்தப் பக்கம் வரணும்" என்று 5ஆம் வகுப்பே சேர்ந்து சொன்னது. அவர்களுக்குச் சமக்குறி என்றால் "இதற்குப் பிறகு விடையை எழுது" என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கணித உபகரணப் பெட்டியில் ஒரு சின்னத் தராசு இருந்தது. ஒரு தட்டில் 7 புளியங்கொட்டை, மறு தட்டில் 3-ம் 4-ம் போட்டுக் காட்டலாம் என்று எடுத்தேன். தராசு சாய்ந்தது. புளியங்கொட்டை ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும். பிள்ளைகள் 7-ம் 7-ம் சமமில்லை என்று புரிந்துகொள்ளும் நிலைமை வந்துவிட்டது. அன்றைக்கு நிறுத்திவிட்டு, மாலையில் சைக்கிள் கடையில் ஒரே அளவு நட்டு 30 வாங்கினேன், ஒன்று 1 ரூபாய். மறுநாள் வேன் கணக்குப் பையனையே வரச் சொல்லி, இடது தட்டில் 5-ம் 4-ம், வலது தட்டில் 9 × 2 போடச் சொன்னேன். 18 நட்டு விழுந்ததும் தட்டு தொப்பென்று இறங்கியது. அவன் தராசைப் பார்த்தான், தன் நோட்டைப் பார்த்தான், போய் ரப்பரை எடுத்து நடுவில் இருந்த சமக்குறியை அழித்தான். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இனி காட்சிக்கு வைக்கும் வேலை. முதலில் சுவரில் இரண்டு சார்ட் ஒட்டினேன், 20 ரூபாய். ஒவ்வொருவரின் கணக்கையும் எழுதி, விடையையும் பெயரையும் ஒரு மடிப்புக் காகிதத்தால் மூடினேன். இரண்டு நாள் தாங்கவில்லை. மின்விசிறிக் காற்றில் மடிப்புகள் தாமாகவே திறந்துகொண்டன, திறக்காதவற்றை விரல்கள் திறந்தன. அதைவிடப் பெரிய பிரச்சினை, யாரும் கணக்கே போடவில்லை. ஆடு என்று பார்த்ததும் "இது அவன்தான்" என்றார்கள். ஆடு இல்லாத சீட்டைக் கையெழுத்தைப் பார்த்துச் சொன்னார்கள். ஊரே ஒருவரை ஒருவர் அறிந்த இடத்தில் "யார் என்று கண்டுபிடி" என்பது அரை நிமிட வேலை.

இரண்டு மாற்றம் செய்தேன். முதலாவது, எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த எண் வேண்டாம், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாத எண் வேண்டும் என்றேன். 5 எண்ணை 3 ஆகக் குறைத்தேன். வேப்பமரக் கணக்கு இப்படித்தான் வந்தது. ஆட்டுக்காரன் மட்டும் ஆட்டை விட மாட்டேன் என்று நின்றான். சரி, அவனுக்கு அது முக்கியம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது, கையெழுத்து. முதலில் எல்லாச் சீட்டையும் நானே திருப்பி எழுதினேன். ஒரு மாலை முழுவதும், இரண்டரை மணி நேரம். மறுநாள் பிள்ளைகள் அதை எடுத்துப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது, அவர்களுடையது என்ற எண்ணம் போய்விட்டது. பாடப்புத்தகக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது. அவற்றை எடுத்துவிட்டு, 4ஆம் வகுப்புப் பிள்ளை சொல்லச் சொல்ல 5ஆம் வகுப்புப் பிள்ளை எழுதித் தர வேண்டும், 5ஆம் வகுப்புக்கு 4ஆம் வகுப்பு எழுத வேண்டும், கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று வைத்தேன். 9 ஜோடி. மீதி மூன்று 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு குழு. தனித்தனியாக வராந்தாவிலும் வேம்படியிலும் உட்காரச் சொன்னேன்.

கையெழுத்தை மறைக்க மட்டுமே செய்த ஏற்பாடு அது. ஆனால் நான் ஜூனில் தேடியது அங்கேதான் கிடைத்தது. சீட்டு மூன்று வரிதான், இரண்டு நிமிட வேலை. ஒவ்வொரு ஜோடியும் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "தையல் எப்படிப் போட்டாங்க, ஊசி தெரிஞ்சுச்சா" என்று கேட்காமல் 5 என்ற எண்ணை எழுத யாராலும் முடியவில்லை. நான் நடுவில் போகாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டுகளை எதில் வைப்பது? தீப்பெட்டி யோசனை எனக்குத் தோன்றியதல்ல. தாளைக் கிழித்த அதே பையன்தான், "டீச்சர், தீப்பெட்டிக்குள்ள வெச்சா காத்துல திறக்காது" என்றான். இந்த ஊரில் அதைவிடச் சுலபமாகக் கிடைக்கும் பொருள் வேறில்லை. டீக்கடை, பெட்டிக்கடை, சத்துணவுக்கூட அக்கா, வீடுகள் என்று காலிப்பெட்டி சேர்த்தோம். பத்து நாளில் 71 பெட்டி. செய்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் நானே திறந்து பார்த்த பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். இரண்டு பெட்டியில் மருந்துக் குச்சி மீதம் இருந்தது. நசுங்கியவை, நனைந்தவை போக 66 தேறின. 63 போதும்.

பெட்டியின் பக்கவாட்டில் உரசும் பட்டை கையில் கறை பிடிக்கிறது, அதை மூட வேண்டும். பழைய தினசரிக் காலண்டர் தாளைக் கீற்றாக வெட்டி, வீட்டில் மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்து ஒட்டினோம். மறுநாள் காலையில் பாதிப் பெட்டியில் காகிதத்தைக் கரப்பான் அரித்திருந்தது. பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்று ஒரு பாட்டி சொன்னார். தொழில் செய்கிறவர்கள் கலப்பது உண்டுதான், ஆனால் அது விஷம், பிள்ளைகள் கைபடும் பொருளில் வேண்டாம் என்று விட்டுவிட்டு 20 ரூபாய்க்கு ஃபெவிகால் வாங்கினேன். அதற்குப் பிறகு பூச்சித் தொல்லை இல்லை.

சீட்டின் அளவிலும் ஒரு முறை தவறினேன். கணக்கைப் பெட்டியின் மேலேயே ஒட்டலாம் என்று 4.5 × 3 சென்டிமீட்டரில் வெட்டினேன். 4ஆம் வகுப்புக் கையெழுத்துக்கு அந்த இடத்தில் இரண்டு சொல்தான் அடங்கியது. நீளத்தை இரண்டு மடங்காக்கி 9 × 3 சென்டிமீட்டரில் வெட்டி, நடுவில் மடித்து, உள்பெட்டிக்குள் வைத்தோம். பெட்டியின் மேலே 1 முதல் 63 வரை எண் மட்டும். விடையும் பெயரும் உள்பெட்டியின் அடிப்புறத்தில். அதைப் பார்க்க வேண்டுமென்றால் உள்பெட்டியை முழுவதுமாக உருவித் திருப்ப வேண்டும். ஒரு பெயரை என்னிடம் சொன்ன பிறகுதான் திருப்பலாம் என்பது விதி. காற்று திருப்பாது, கை தவறியும் திருப்பாது. சார்ட்டில் இல்லாத கட்டுப்பாடு இதில் தானாக வந்தது.

ஏ4 தாளை அந்த அளவுக்கு வெட்டும்போது நீளவாக்கில் 3, அகலவாக்கில் 7, ஆக 21 சீட்டு வரும். "நம்ம எத்தனை பேரோ அத்தனை!" என்று ஒருத்தி கத்தினாள். மூன்று தாளில் 63 சீட்டும் முடிந்தது.

பெட்டிகளை முதலில் சணலில் கட்டித் தொங்கவிட்டோம். உள்பெட்டி நழுவி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் சத்துணவுக்கு வந்த முட்டை அட்டையில் ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தால் குழியில் நின்றுகொண்டது. ஒரு அட்டையில் 30 குழி. மூன்று அட்டையை ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் வைத்தோம். இன்று வரை அங்கேதான் இருக்கிறது.

ஜூலை மூன்றாவது வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, 40 நிமிடம், பெட்டி நேரம். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு பெட்டி. நட்டும் புளியங்கொட்டையும் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். புளியங்கொட்டை எண்ண மட்டும்தான், எடை போட அல்ல. யாருடையது என்று ஊகிக்க ஒருவரிடம் போய்க் கேள்வி கேட்கலாம், ஆனால் "இது உன் பெட்டியா" என்று கேட்கக் கூடாது. முதல் வெள்ளிக்கிழமை இரைச்சலாகப் போனது. இரண்டாவது வாரம் கொஞ்சம் அடங்கியது. மூன்றாவது வாரத்தின் முடிவில்தான் அந்தப் பெண் மரம் எண்ணக் கிளம்பினாள்.

கணக்கில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தது. 63 கணக்கில் 9 தப்பாக இருந்தன. அந்த 9-இல் 6 வகுத்தல். மற்றவர் பெட்டியைப் பார்த்து ஊகிக்கும் அவசரத்தில், வகுத்தல் வராதவர்கள் வகுத்தல் தெரிந்தவரிடம் தாமாகவே போய்ச் சொல்லித்தரக் கேட்டார்கள். தேர்வு வைத்து நான் இதைப் பார்த்ததில்லை.

அந்தப் பையனுக்கு வருகிறேன். அவனுடைய 47ஆம் எண் பெட்டியில் இருந்த சீட்டு: "எங்க பாட்டி எண்ணாம ஒரு கை அள்ளினா வர்ற குச்சி: 25 × 2." பாட்டி சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும் வேலை. பெட்டிக்கு 50 குச்சி. பிள்ளைகள் பலர் இதை நம்பவில்லை. அப்படியெல்லாம் அள்ள முடியாது, அவன் சும்மா எழுதியிருக்கிறான் என்றார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பாட்டி வந்திருந்தபோது நானே கேட்டேன். மருந்து தோய்க்காத வெறும் குச்சி ஒரு பை கொண்டுவரச் சொன்னோம். மேஜையில் கொட்டிவிட்டுப் பாட்டி ஒரு கை அள்ளி வைத்தார். பேசிக்கொண்டேதான் அள்ளினார், கையைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணினார்கள். முதல் தடவை 50. இரண்டாவது 49. மூன்றாவது மறுபடி 50.

"ஒரு பண்டலுக்கு எத்தனை பெட்டி பாட்டி?" என்று ஒருத்தி கேட்டாள். 600 என்றார். "அப்ப ஒரு பண்டல்ல எத்தனை குச்சி?" என்று நான் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டேன். 5ஆம் வகுப்பு நோட்டைத் திறப்பதற்குள், "முப்பதாயிரம்ல வருது டீச்சரம்மா" என்றார் பாட்டி. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. இந்தப் பக்கம் அவர் வயதுக்காரர்களில் பலர், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர்கள். பையன் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று வகுப்பில் அவனைத் தவிர யாரையும் யாரும் கவனிக்கவில்லை.

செலவைச் சொல்கிறேன். நகல் 42, சார்ட் 20, ஸ்கெட்ச் பேனா 30, நட்டு 30, ஃபெவிகால் 20, தாள் 3. மொத்தம் 145 ரூபாய். இதில் நகலும் சார்ட்டும் வீண், 62 ரூபாய். நேராக இப்போதைய முறையில் தொடங்கியிருந்தால் 83 ரூபாயில் முடிந்திருக்கும். தீப்பெட்டியும் முட்டை அட்டையும் காசில்லாமல் வந்தன. வேறு ஊரில் காலிப்பெட்டி இவ்வளவு சீக்கிரம் சேராது. 2021 டிசம்பரிலிருந்து ஒரு பெட்டி 2 ரூபாய், 63 பெட்டியை விலைக்கு வாங்கினால் 126 ரூபாய் ஆகும். குச்சிகளை என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். மாத்திரை அட்டைப் பெட்டி ஒருவேளை சரிவரலாம், நான் செய்து பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு மாற்றப்போவது சில உண்டு. பெட்டி சேர்ப்பதை ஏப்ரலிலேயே தொடங்கிவிடுவேன். 4ஆம் வகுப்புக்கு 3 பெட்டி அதிகம், மூன்றாவது எண்ணைப் பலர் ஏதோ ஒன்று என்று எழுதினார்கள், அவர்களுக்கு 2 போதும். தராசையும் நட்டையும் முதல் நாளே எடுத்துவிடுவேன், எண் சேகரிப்பு அதற்குப் பிறகு. குடும்பம், வீடு, பிறந்த நாள் பற்றி நானாக எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேன். சொல்ல விரும்பும் பிள்ளை தானே எழுதும், இந்த ஆண்டு எழுதியும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, போன வாரம் தெரிந்தது. ஆட்டுக்காரப் பையன் காலையில் ஓடிவந்து, "டீச்சர், என் பெட்டி தப்பாயிருச்சு" என்றான். இரவு ஒரு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. 23 இப்போது 25. புதுச் சீட்டு கேட்டு வாங்கினான். இந்த முறை ஆயிரக்கணக்கில் எதுவும் போடவில்லை, 5 × 5 என்று எழுதி உள்ளே வைத்தான். ஆனால் உள்பெட்டியின் அடியில் விடையை ஸ்கெட்ச் பேனாவால் 23 என்று எழுதியிருந்தான், அழிக்க முடியவில்லை. சுரண்டிப் பார்த்ததில் அட்டை ஓட்டையாகிவிட்டது. மீதம் வைத்திருந்த மூன்று பெட்டியில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த முறை அடிப்புறத்தில் விடையைப் பென்சிலால்தான் எழுதச் சொல்வேன்.